ஆண்கள் சொல்லத் தயங்கும் நோய்கள்

எமது கிராமங்களிலே சுகாதார வகுப்பு என்று அறிவித்தால் தாய்மாரே வருவார்கள். கர்ப்பிணிகளுக்கு ஒரு நாள், குழந்தைகளின் நிறை பார்க்க ஒரு நாள் என்று மாதத்தில் பல நாட்கள் அவர்களுக்கு உண்டு. ஆண்களோ வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, மனைவியை இறக்கியபின் சந்திக்குப் போய்விடுவார்கள். இதனால் ஆண்களின் உடலைப் பற்றி, குறிப்பாக அரைக்குக் கீழே உள்ள உறுப்புகளைப் பற்றி, எவரும் அவர்களுக்கு ஒழுங்காகக் கற்பித்ததில்லை. பாடசாலையில் அந்தப் பாடம் வரும்போது ஆசிரியர் பக்கத்தைத் தட்டிவிடுவார். பிறகு அறிவு வருவது கூட்டாளிகளிடமிருந்தும் சுவரில் ஒட்டிய விளம்பரங்களிலிருந்தும்தான்.

ஒரு குருவானவர் இதை எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கண்ணையும் காதையும் படைத்தவரே இந்த உறுப்புகளையும் படைத்தார். தமிழிலே இவற்றைப் பற்றி எழுதுவதும் யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் அறுபதுக்கு மேற்பட்டவர்களை, அவர்களில் பெரும்பாலோரைத் தமிழிலேயே, மேலைத்தேய வைத்தியர்களாகப் பயிற்றுவித்தார். 1867 இல் அவர் வெளியிட்ட சத்திரசிகிச்சை நூலுக்கு ‘இரணவைத்தியம்’ என்று தமிழ்ப் பெயரே இட்டார். அன்று மாணவர்களுக்குத் தமிழில் சொல்ல முடிந்ததை இன்று தகப்பன்மாருக்குச் சொல்ல முடியாதென்பது பொருந்தாது.

விதை முறுக்கிக்கொள்ளல்

முதலில் இதையே எழுதுகிறேன். மற்ற நோய்கள் ஓரிரு நாட்கள் பொறுக்கும், இது பொறுக்காது.

விதைப்பைக்குள் ஒவ்வொரு விதையும் ஒரு நாணிலே தொங்குகிறது. இரத்தக் குழாய்கள் அந்த நாணுக்குள்ளாலேயே வருகின்றன. சிலருக்குப் பிறப்பிலிருந்தே விதை சரியாக ஒட்டிப் பிடிக்கப்படாமல், கிணற்றுக் கயிற்றிலே தொங்கும் வாளிபோல் சுழலக்கூடியதாக இருக்கும். ஒரு நாள் அது சுழன்று முறுக்கினால் இரத்தம் போவது நின்றுவிடும். பன்னிரண்டு வயது முதல் பதினெட்டு வயது வரையான பையன்களிலே இது கூடுதலாக ஏற்படுகிறது. பந்து விளையாடும்போது வரலாம்; பல தடவைகளில் நித்திரையில் இருக்கும்போதே வந்து பையனை எழுப்பிவிடும்.

அடையாளங்கள்: ஒரு பக்க விதையில் திடீரென்று கடும் நோவு, சத்தி அல்லது ஓங்காளம், அந்த விதை மற்றதைவிட மேலே ஏறி நிற்றல். ஆனால் பையன் பெரும்பாலும் விதை நோகிறது என்று சொல்லமாட்டான். ‘அடிவயிறு நோகிறது அம்மா’ என்பான். தாய் வாயுக் குத்து என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுப்பாள், வயிற்றில் எண்ணெய் பூசுவாள், விடியட்டும் என்பாள். அந்த விடியலோடு விதை போய்விடும். நோவு தொடங்கி ஆறு மணித்தியாலங்களுக்குள் சத்திரசிகிச்சை செய்து முறுக்கை அவிழ்த்தால் பெரும்பாலான பையன்களின் விதையைக் காப்பாற்றலாம். ஒரு நாள் கடந்தால் அது அநேகமாக இறந்துவிட்டிருக்கும். வெட்டி எடுக்கவே நேரிடும். சத்திரசிகிச்சையின்போது மற்ற விதையையும் சேர்த்துத் தைத்து நிலைப்படுத்துவார்கள், அதுவும் பின்னர் முறுக்காமல் இருப்பதற்காக.

ஆறு மணித்தியாலம் என்பது யாழ்ப்பாண நகரத்தில் இருப்பவருக்குப் போதிய நேரம். நெடுந்தீவில் இருப்பவருக்கு அப்படியல்ல. அங்கிருந்து குறிகட்டுவானுக்குப் படகிலே ஏறத்தாழ ஒரு மணித்தியாலம், பின் புங்குடுதீவு, வேலணை ஊடாகப் பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம். இரவானால் வழமையான படகும் இல்லை. ஆகவே தீவுகளில் உள்ள பெற்றோர் இப்படியான நோவு கண்டதும், விடியும் வரை காத்திராமல், உள்ளூர் வைத்தியசாலையைத் தட்டி எழுப்ப வேண்டும். ‘விதையில் நோவு’ என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லைக் கேட்டால் வைத்தியர் அவசரத்தை விளங்கிக்கொள்வார். குடாநாட்டின் ஏனைய இடங்களில் உள்ளவர்கள் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். 2018 முதல் அது வடக்கிலும் இயங்குகிறது. (1990 என்றதும் எமக்கு வேறு ஞாபகங்கள் வருவது உண்மைதான். ஆனாலும் பிள்ளைகளுக்கு இந்த இலக்கத்தைப் பாடமாக்கிவிடுங்கள்.) போகும் வழியில் பையனுக்குச் சாப்பாடோ தேநீரோ கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து கொடுப்பதற்கு வெறும் வயிறு தேவை. சுடுதண்ணி ஒத்தடமும் தடவலும் வேண்டாம்.

விதை வீங்கி நோவது எல்லாம் முறுக்கு அல்ல. கிருமித் தொற்றாலும் வரலாம். கூகைக்கட்டு வந்து நாலைந்து நாட்களின் பின் வாலிபர்களுக்கு விதை வீங்குவதும் உண்டு. கூகைக்கட்டுக்கான தடுப்பு மருந்து 2011 முதல் எமது நாட்டின் குழந்தைத் தடுப்பூசி அட்டவணையில் சேர்ந்திருப்பதால் இனி இது குறையும். ஆனால் எது முறுக்கு, எது தொற்று என்று வீட்டிலே தீர்மானிக்க முடியாது. அந்தத் தீர்மானம் வைத்தியருடையது.

நோவில்லாத வீக்கங்கள்

விதையைச் சுற்றி நீர் தேங்குவதை எமது ஆட்கள் ஓதம் என்பர். நோவிராது, மெதுவாகப் பெருக்கும். இருட்டறையில் ஒரு ரோர்ச் வெளிச்சத்தைப் பின்னால் பிடித்தால் நீர் உள்ள பை சிவப்பாக ஒளிரும். கைக்குழந்தைகளில் இது பெரும்பாலும் முதல் இரண்டு வயதுக்குள் தானாக வற்றும். வளர்ந்தவர்களில் தொந்தரவு கொடுத்தால் சத்திரசிகிச்சை செய்யலாம். ஊசியால் குத்தி நீரை எடுப்பது தற்காலிகமானது. நீர் மீண்டும் ஊறும், கிருமியும் உள்ளே போகலாம். ஓதம் வந்தால் யானைக்காலும் வரும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. யானைக்கால் நோய் எமது நாட்டின் மேற்கு, தெற்குக் கரையோரங்களில் இருந்தது. 2016 இல் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. யாழ்ப்பாணத்து ஓதம் பெரும்பாலும் அதனோடு சம்பந்தமில்லாதது.

குடலிறக்கம் வேறு. கவட்டுப் பக்கத்திலிருந்து இறங்கி, இருமினாலோ பாரம் தூக்கினாலோ பெருக்கும். படுத்தால் உள்ளே போகும். வலை இழுப்பவர்களும் வெங்காய மூட்டை தூக்குபவர்களும் பட்டியைக் கட்டிக்கொண்டு வருடக்கணக்காக இதோடு வாழ்கிறார்கள். அது ஒரு நாள் உள்ளே போக மறுத்து, இறுகி, நோவும் சத்தியும் வந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அந்த நாள் வரும்வரை பொறுத்திராமல், ஓய்வு கிடைக்கும் பருவத்தில் திகதி எடுத்துச் சத்திரசிகிச்சை செய்வது புத்தி. அரசாங்க வைத்தியசாலையில் அதற்குக் கட்டணமில்லை.

பதினைந்து வயதுக்கும் நாற்பது வயதுக்கும் இடைப்பட்டவர்கள் விதையின் மேல் கல்லுப்போல ஒரு கட்டியை உணர்ந்தால், நோவில்லை என்று விட்டுவிட வேண்டாம். விதையில் வரும் புற்றுநோய் நோவில்லாமலே தொடங்கும். நேரத்தோடு கண்டால் பெரும்பாலும் முற்றாகச் சுகப்படுத்தக்கூடிய புற்றுநோய்களில் அதுவும் ஒன்று. ஆண் குழந்தையின் விதைகள் இரண்டும் பைக்குள் இறங்கியுள்ளனவா என்று தாய்மார் குளிப்பாட்டும்போது பார்க்கவேண்டும். ஆறு மாதமாகியும் இறங்காவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். வளர்ந்தால் சரியாகிவிடும் என்று பள்ளிக்கூடம் போகும் வயதுவரை காத்திருப்பது பிழை.

முன்தோலும் சலரோகமும்

பிறந்த ஆண் குழந்தைக்கு முன்தோல் மொட்டோடு ஒட்டியே இருக்கும். அது இயற்கை. வருடங்கள் போகப்போக மெல்ல விடுபட்டு, பெரும்பாலானோருக்குப் பதினாறு பதினேழு வயதுக்குள் தானாகப் பின்னே போகக்கூடியதாகும். ‘இழுத்துவிட வேண்டும்’ என்று சொல்லி மூதாட்டிகளும் சில வேளை தாய்மாரும் பலவந்தமாக இழுக்கிறார்கள். தோல் வெடித்து, காய்ந்து, தழும்பாகி, உண்மையான இறுக்கம் அப்போதுதான் உண்டாகிறது. குழந்தை சலம் போகும்போது தோல் சற்றுப் பலூன்போல் ஊதுவது மட்டும் இருந்தால் பயப்படத் தேவையில்லை. சலம் துளித்துளியாகப் போனாலோ, அடிக்கடி சிவந்து சீழ் வந்தாலோ காட்ட வேண்டும். பல பையன்களுக்கு வைத்தியர் தரும் பூச்சு மருந்தைச் சில கிழமைகள் பூசினாலே தோல் இளகிவிடும். அது போதாதபோது முன்தோலை அகற்றுவார்கள். ‘சுவாமி, அது சோனக ஆட்கள் செய்வதல்லவா?’ என்று ஒரு தகப்பன் கேட்டார். சமயச் சடங்காகச் செய்வது ஒன்று, நோய்க்காகச் செய்வது வேறொன்று. ஆதித் திருச்சபையும் விருத்தசேதனத்தை விசுவாசத்துக்கு நிபந்தனை ஆக்கவில்லை என்றுதான் தீர்மானித்தது. வைத்தியத்தை அது தடுக்கவில்லை.

வளர்ந்த ஒருவருக்கு முன்தோலில் வெள்ளைப் படிவும் கடியும், தோலின் ஓரத்தில் சிறு வெடிப்புகளும் அடிக்கடி வந்தால், முதலில் இரத்தத்தில் சீனியைச் சோதிக்க வேண்டும். எமது மூத்தோர் நீரிழிவுக்குச் சலரோகம் என்று பெயர் வைத்தது காரணத்தோடுதான். சலத்திலே சீனி போகும்போது அந்த ஈரத்தில் பங்கசு செழித்து வளர்கிறது. நாற்பது வயது தாண்டிய பலருக்குத் தமக்குச் சலரோகம் இருப்பது இந்தக் கடியினாலேயே தெரியவருகிறது. மனைவியிடமிருந்து தொற்றியதோ, மனைவி என்ன நினைப்பாளோ என்று மறைத்துக்கொண்டு மருந்துக் கடையில் பூச்சு வாங்கிக் காலம் கடத்துவதால், சலரோகம் உள்ளே கண்ணையும் சிறுநீரகத்தையும் தின்றுகொண்டிருக்கும். இன்னொன்றும் அறிந்திருக்க வேண்டும். டப்பாகிளிபுளோசின், எம்பாகிளிபுளோசின் போன்ற புதிய சலரோகக் குளிசைகள் சீனியைச் சலத்தோடு வெளியேற்றுபவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லவை. ஆனால் இவற்றைக் குடிப்பவர்களுக்கு இந்தப் பங்கசுத் தொற்று கூடுதலாக வரலாம். கடி வந்தால் குளிசையைத் தாமாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். சலரோகக்காரருக்கு விதைப்பையோ அதன் பின்புறமோ திடீரென்று சிவந்து வீங்கி, கடும் நோவும் காய்ச்சலும், தோல் கறுத்தலும் கண்டால் அது உயிராபத்து. ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக்கூடாது.

பின்னே தள்ளிய முன்தோல் திரும்பி முன்னே வராமல் இறுகி நின்றால் மொட்டு வீங்கத் தொடங்கும். குளிர்ந்த ஈரத்துணியைச் சுற்றி, கையால் சில நிமிடங்கள் மெதுவாக அழுத்திப் பிடித்து வீக்கத்தைக் குறைத்தபின் தோலை முன்னே கொண்டுவர முயலலாம். வராவிட்டால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

குளிப்பது எப்படி?

இது சிறுபிள்ளைப் பாடம் என்று சிரிக்க வேண்டாம். எமது ஆண்கள் திறந்த கிணற்றடியிலே சாரத்தோடு நின்று குளிக்கிறார்கள். முதுகுக்கும் தலைக்கும் சவர்க்காரம் போகும். சாரத்துக்கு உள்ளே வெறும் தண்ணீர் ஓடும். பிறகு அந்த ஈரச் சாரத்தோடேயே வீடு வந்து, தோய்ந்த துவாயால் துடைப்பார்கள். முன்தோலுக்கு உள்ளே சேரும் வெள்ளை அழுக்குக் கழுவப்படுவதே இல்லை. வளர்ந்தவர் ஒவ்வொரு நாளும் முன்தோலைப் பின்னே தள்ளி வெறும் தண்ணீரால் கழுவி, ஈரம் ஒற்றி எடுத்து, தோலை முன்னே கொண்டுவர வேண்டும். உள்ளே சவர்க்காரம் உரஞ்சத் தேவையில்லை. டெற்றோல் ஊற்றவே கூடாது, தோல் புண்ணாகும். கிணற்றடியில் நாலு பனையோலையால் ஒரு மறைப்புக் கட்டுவதற்கு எந்தத் திட்டத்தின் நிதியும் தேவையில்லை. பெண்களுக்காகக் கட்டிய மறைப்பு ஆண்களுக்கும் உதவும்.

தோட்டத்தில் மருந்தடிப்பவர்களுக்கு ஒரு விசேட எச்சரிக்கை. விதைப்பையின் தோல் மிக மெல்லியது. முன்கைத் தோலைவிடப் பல மடங்கு நஞ்சை உறிஞ்சும். சலம் கழித்த பின்னர் கை கழுவுகிறோம், நல்லது. மருந்தடிக்கும் நாளில் சலம் கழிப்பதற்கு முன்னரும் கழுவ வேண்டும். மருந்து தோய்ந்த சாரத்தை மாற்றாமல் மத்தியானச் சாப்பாட்டுக்கு இருப்பதும் ஆபத்து.

கவட்டுப் படையும் சொறியும்

வட்டமாக, ஓரம் தடித்துச் சிவந்து, நடு மங்கலாகப் பரவும் கடியே படை. குருநகர், பாசையூர், நாவாந்துறை போன்ற இடங்களில் உப்புத் தண்ணீரில் நனைந்த உடையோடு மணிக்கணக்காக நிற்கும் கடற்றொழிலாளருக்கு இது வராவிட்டால்தான் ஆச்சரியம். முன்னர் சாதாரண பூச்சு மருந்தை இரண்டு கிழமை பூச மாறிய படை இப்போது மாதக்கணக்கில் மாறாமல் நிற்பதற்கு ஒரு காரணம், நாமே மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் கலப்புப் பூச்சுகள். அவற்றிலே பங்கசு மருந்தோடு வீரியமான ஸ்டிரொயிட்டும் கலந்திருக்கும். பூசிய இரண்டாம் நாளே கடி நிற்கும், சிவப்பு மறையும். ‘என்ன அருமையான மருந்து!’ என்று கூட்டாளிக்கும் சொல்லிவிடுவோம். உள்ளே பங்கசு சாகவில்லை. தோலின் எதிர்ப்புத்தான் அடங்கியது. நிறுத்தியதும் இருமடங்காக வரும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து வரிவரியாக வெடிக்கும். தென்னாசியா எங்கும் வழமையான மருந்துக்கு மசியாத புதுவகைப் படைப் பங்கசு பரவியிருக்கிறது. எனவே வைத்தியரிடம் காட்டி, அவர் சொல்லும் நாட்கள் முழுவதும், படை மறைந்த பின்னும் ஒரு கிழமையாவது பூச வேண்டும். துவாயையும் சாரத்தையும் பிறரோடு மாற்றக்கூடாது. உள்ளாடையைச் சுடுநீரில் தோய்த்து நல்ல வெயிலில் காயவிடுங்கள். வெயிலுக்கு எமக்குப் பஞ்சமில்லை. கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்தால் அதற்கும் மருந்து போட வேண்டும், அங்கிருந்துதான் கவட்டுக்குப் போகிறது.

இரவிலே கூடும் கடியும், ஆண்குறியிலும் விதைப்பையிலும் சிறு முடிச்சுகளும், விரலிடுக்கிலும் அதே கடியும் என்றால் அது சொறி. 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து, தென்மராட்சியின் பாடசாலைகளிலும் கோவில்களிலும் பாய் பாயாக நெருங்கிப் படுத்தவர்களுக்குச் சொறியைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. மருந்தைக் கழுத்திலிருந்து கால்வரை இரவு முழுவதும் பூசி, காலையில் குளித்து, ஒரு கிழமையின் பின் மீண்டும் பூச வேண்டும். வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே இரவில் பூசாவிட்டால் அது வீட்டுக்குள்ளேயே சுற்றிவரும்.

ஒழுக்கத்தால் வரும் தொற்றுகள்

எமது பெரியவர்கள் வெட்டை என்றும் மேகம் என்றும் கிரந்தி என்றும் சொன்னவை இவை. உடலுறவின் பின் சில நாட்களில் சலக்கடுப்பும் சீழும் வந்தால் வெட்டையாக இருக்கலாம். சுமார் மூன்று கிழமையில் நோவில்லாத ஒரு புண் தோன்றினால் கிரந்தியைச் சந்தேகிக்க வேண்டும். கிரந்திப் புண் மருந்தில்லாமலே ஆறிவிடும். அங்கேதான் ஏமாற்று இருக்கிறது. கிருமி உடலில் ஒளிந்திருந்து வருடங்களின் பின் மூளையையும் இதயத்தையும் தாக்கும், கருவிலுள்ள பிள்ளையையும் கொல்லும். ஆரம்பத்தில் கண்டால் பெனிசிலின் ஊசியாலேயே சுகமாகும். தாயிடமிருந்து பிள்ளைக்குக் கிரந்தியும் எச்.ஐ.வி.யும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது. கர்ப்பிணிகள் எல்லோரும் சோதனைக்குப் போனதால் கிடைத்த வெற்றி அது. தாய்மார் தம் பங்கைச் செய்துவிட்டார்கள்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் இந்நோய்களுக்கென்று தனிச் சிகிச்சை நிலையம் உண்டு. சோதனையும் மருந்தும் இலவசம், விபரம் வெளியே போகாது. மனைவிக்கும் சேர்த்தே சிகிச்சை எடுக்க வேண்டும்; ஒருவர் மட்டும் எடுத்தால் மற்றவரிடமிருந்து திரும்பி வரும். அங்கே ஆணுறை பற்றியும் சொல்வார்கள். நோய் உள்ளவர் தன் துணைக்கு அதைக் கொடுப்பதை ஆணுறை பெருமளவு தடுக்கிறது என்பது மருத்துவ உண்மை. குருவானவர் என்பதற்காக அதை மறைத்து எழுதும் உரிமை எனக்கில்லை. ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழ்வதைப்போல் வேறு பாதுகாப்பு இல்லை என்பதும் அதே அளவு உண்மை.

இந்த இடத்தில் இளைஞருக்கு ஒன்று. நித்திரையில் விந்து வெளியேறுவது நோயல்ல. அதனால் எலும்பு உருகுவதில்லை, இரத்தம் குறைவதில்லை. மொட்டின் ஓரத்தில் வரிசையாக முத்துப்போல் உள்ள சிறு பருக்களும் பலருக்கு இயற்கையாக இருப்பவை. இந்தப் பயங்களை வைத்தே சுவரொட்டி வைத்தியர்கள் லேகியம் விற்கிறார்கள். நான் சித்த வைத்தியத்தைக் குறை சொல்லவில்லை. அதில் நம்பிக்கை உள்ளவர் கைதடி சித்த போதனா வைத்தியசாலையில் பட்டம் பெற்ற வைத்தியரிடம் போகட்டும். தொலைபேசி இலக்கத்தை மட்டும் போட்டு முகத்தைக் காட்டாதவரிடம் கூலிக் காசைக் கொடுக்க வேண்டாம்.

சலக் குழாயோடு இருக்கும் முதியவர்கள்

வயது போகப் புரொஸ்டேட் சுரப்பி பருத்துச் சலம் மெலிந்து போகும். இரவில் பல தடவை எழும்ப நேரும். இதற்குக் குளிசை உண்டு, சத்திரசிகிச்சையும் உண்டு. ஒரேயடியாகச் சலம் அடைத்துவிட்டால் குழாய் போட்டு அனுப்புவார்கள். பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் இருக்க, வயதான மனைவியே அதைப் பராமரிக்கும் வீடுகள் எமது பங்குகளில் பல. அவர்களுக்கு வைத்தியசாலையில் அவசரமாகச் சொல்லப்படுவதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன். குழாயையோ பையையோ தொடுமுன்னும் தொட்ட பின்னும் சவர்க்காரத்தால் கை கழுவுங்கள். பை எப்போதும் வயிற்றைவிடத் தாழ்வாகத் தொங்க வேண்டும். கட்டிலில் நோயாளிக்குப் பக்கத்தில் வைத்தால் சலம் திரும்பிக் கிருமியோடு உள்ளே போகும். நிலத்திலும் படக்கூடாது. பை நிறையும் வரை விடாமல் பாதிக்குமேல் வந்ததும் கீழ்க் குழாயால் வெளியேற்றுங்கள். மேல் இணைப்பைத் தேவையின்றிக் கழற்ற வேண்டாம். குழாய் நுழையும் இடத்தை நாளுக்கு இரு தடவை கழுவி, பின்னே தள்ளிய முன்தோலைக் கட்டாயம் முன்னே கொண்டுவாருங்கள். குழாய் இழுபடாமல் தொடையில் ஒட்டிவையுங்கள். வைத்தியர் தடுக்காவிட்டால் தண்ணீர் தாராளமாகக் குடிக்கட்டும். காய்ச்சல், நடுக்கம், சலத்தில் இரத்தம், அல்லது பைக்குச் சலம் வராமல் அடிவயிறு உப்புதல் கண்டால் அன்றே கொண்டுபோக வேண்டும். குழாயை மாற்றும் திகதியை மறந்துபோகாமல் கலண்டரில் பெரிதாக எழுதிவையுங்கள்.